பதக்கத்துக்கு முன்னால் அவள் யார்?

1980 பிப்ரவரியில் அமெரிக்காவின் லேக் பிளாசிட் என்ற சிற்றூரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. பதக்கப் பட்டியலில் சோவியத் யூனியன், கிழக்கு ஜெர்மனி, அமெரிக்கா, ஆஸ்திரியா, சுவீடன் ஆகியவற்றுக்கு அடுத்து ஆறாவதாக நின்ற நாடு லிக்டன்ஸ்டைன். சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே, ரைன் நதியோரம் கிடக்கும் நாடு அது. பரப்பு 160 சதுர கிலோமீட்டர். மலேசியாவில் நான் வசிக்கும் குளுவாங் மாவட்டத்துக்குள் அதைப் பல தடவை வைக்கலாம். அன்றைக்கு அங்கே இருந்த மக்கள் ஏறக்குறைய 25,000 பேர். விமான நிலையம் கிடையாது. படையை 1868இலேயே கலைத்துவிட்டார்கள். அந்த நாட்டுக்கு அந்த ஆண்டு இரண்டு தங்கம், இரண்டு வெள்ளி. தங்கம் இரண்டையும், ஒரு வெள்ளியையும் வென்றவர் ஒரே பெண், ஹன்னி வென்சல். மற்றொரு வெள்ளி அவருடைய தம்பி ஆண்ட்ரியாஸ் வென்றது. ஒலிம்பிக் தங்கம் கண்ட நாடுகளில் மக்கள்தொகையில் இதைவிடச் சிறியது இன்றுவரை இல்லை.

பனியையே பார்க்காத ஜொகூர்க்காரிக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு கோயிலில் சமய வகுப்பு எடுத்து வருகிறேன். ஊழ் என்ற பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எல்லாம் முன்பே எழுதி வைத்ததுதானா, இல்லை, நாம் பாடுபட்டால் மாறுமா? நம் தன்முனைப்பு முகாம்களில் பேசுகிறவர்கள் இதற்குச் சட்டென்று பதில் வைத்திருக்கிறார்கள். சின்ன நாடு சாதித்தது, ஏழைப் பையன் சாதித்தான், ஆகவே முயற்சி விதியை வெல்லும், நீ வெல்லவில்லை என்றால் நீ முயலவில்லை. இந்தக் கடைசிப் படி கொடுமையானது. அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் சின்ன நாட்டின் வெற்றி உண்மையில் எதைக் காட்டுகிறது என்று நானே கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் கண்ணில் படுவது மலை. லிக்டன்ஸ்டைன் இதுவரை குளிர்கால ஒலிம்பிக்கில் வென்றது 10 பதக்கங்கள். பத்தும் மலைச்சரிவில் பனிச்சறுக்கி வென்றவை. கோடைக்கால ஒலிம்பிக்கில் ஒன்றுகூட இல்லை. அந்த நாட்டின் உச்சிச் சிகரம் 2,599 மீட்டர். மால்புன் என்ற மலையூரில் பிள்ளைகள் நடை பழகும் வயதிலேயே சறுக்கவும் பழகுகிறார்கள். எங்களுக்கு குனோங் லம்பாக் இருக்கிறது, 510 மீட்டர். ஜொகூரின் உச்சியான குனோங் லேடாங் 1,276 மீட்டர். இரண்டிலும் மழை உண்டு, அட்டை உண்டு, பனி கிடையாது. மலையடியில் பிறந்தது வென்சலின் முயற்சியா? இல்லை. அது கிடைத்தது. நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தது எப்படி எனக்குக் கிடைத்ததோ அப்படி.

ஆனால் மலையோடு கதை முடியவில்லை. ஆல்ப்ஸ் மலை பல நாடுகளில் நீண்டு கிடக்கிறது. அதன் மடியில் எத்தனையோ பள்ளத்தாக்குகளில் இதே பனி பெய்கிறது. அவற்றிலிருந்தெல்லாம் ஒலிம்பிக் வீரர்கள் வந்துவிடவில்லை. லிக்டன்ஸ்டைனின் 10 பதக்கங்களை யார் யார் வென்றார்கள் என்று பார்த்தால் இன்னொன்று தெரியும். ஹன்னிக்கு நான்கு: 1976இல் ஒரு வெண்கலமும் 1980இல் மூன்றும். ஆண்ட்ரியாஸுக்கு இரண்டு. ஹன்னியின் மகள் டீனா வைராத்தருக்கு 2018இல் ஒன்று. ஆக, ஏழு பதக்கம் ஒரே வீட்டில். வில்லி, பவுல் என்ற ஃப்ரோமெல்ட் சகோதரர்களுக்கு ஆளுக்கு ஒன்று. மீதமுள்ள ஒன்று 1984இல் உர்சுலா கொன்செட் வென்றது. நாடு வென்றது என்று நாம் சொல்வது மூன்று வீடுகளின் உழைப்பு. அந்த மூன்றில் ஒரு வீடு வெளியிலிருந்து வந்த வீடு.

ஹன்னி பிறந்தது லிக்டன்ஸ்டைனில் அல்ல. ஜெர்மனியின் பவேரியாவிலுள்ள ஸ்ட்ராவ்பிங் என்ற ஊரில், 1956 டிசம்பரில். அவருக்கு ஒரு வயதிருக்கும்போது குடும்பம் லிக்டன்ஸ்டைனுக்குக் குடிபெயர்ந்தது. அவர் வளர்ந்ததும் சறுக்கப் படித்ததும் அங்கேதான். 1974இல் செயின்ட் மோரிட்சில் நடந்த உலக வாகையர் போட்டியில் ஸ்லாலம் பந்தயத்தில் முதலிடம் பெற்றார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்த நாட்டின் குடியுரிமை கிடைத்தது.

இந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

என் அப்பாவும் ஒரு வயதில்தான் வந்தார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பாட்டியின் இடுப்பில் உட்கார்ந்தபடி மலாயா வந்து சேர்ந்தவர். லாயாங்-லாயாங் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தார்; பதின்மூன்று பதினான்கு வயதிலேயே பால்வெட்டக் கத்தி எடுத்தார். இருட்டிலேயே ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார். பொழுது சாயும்போது பால்வாடை அடிக்கும் சட்டையோடு வருவார். இந்த மண்ணைத் தவிர வேறு மண் அவர் நினைவில் இல்லை. ஆனால் அவர் சட்டைப்பையில் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவரின் அடையாள அட்டை. குடியுரிமைக்கு மனுப் போட்டார். மலாய் மொழியில் கேள்வி கேட்டார்கள். சந்தையிலும் கம்பத்திலும் பேசும் மலாய் அவருக்கு நன்றாக வரும். அலுவலகத்து மலாய் வராது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அறுபத்தொன்பதில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று ஆனபோது பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். எங்கள் லயத்திலும் சில வீடுகள் காலியாயின. அப்பா எப்படியோ தங்கிவிட்டார். தேர்தல் நாளில் அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வாக்களிக்கும் பள்ளிக்கூடம் வரை போவார். அம்மாவுக்குக் குடிமக்களின் நீல ஐசி. அம்மா உள்ளே போய்வரும் வரை வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்பார். கடைசி வரை சிவப்பு ஐசியோடுதான் இருந்தார்.

ஹன்னி வென்சலுக்குக் குடியுரிமை கொடுத்தது தவறென்று நான் சொல்லவில்லை. அவர் அதற்கு முழுக்க உரியவர். 1973இலும், யாருக்கும் பெயர் தெரியாத சிறுமியாக மலைச்சரிவில் விழுந்து எழுந்துகொண்டிருந்த காலத்திலும்கூட அவர் அதே அளவுக்கு உரியவர்தானே என்பதுதான் என் கேள்வி. வெற்றி அவரைப் புதிதாக ஒரு ஆளாக ஆக்கவில்லை. மற்றவர்கள் அவரைப் பார்க்கும்படி செய்தது, அவ்வளவுதான்.

அந்தப் பார்வையும் அரைப் பார்வை. 1980இல் ஹன்னி நாட்டுக்கு இரண்டு தங்கம் கொண்டுவந்தபோது லிக்டன்ஸ்டைன் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை இல்லை. 1984 ஜூலை 1ஆம் தேதி நடந்த பொது வாக்கெடுப்பில்தான் அது கிடைத்தது. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. ஆதரவு 51 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. உலகமே எழுந்து நின்று கைதட்டிய பெண், நாடாளுமன்றத் தேர்தல் வாக்குச்சாவடியைப் பொறுத்தவரை என் அப்பாவைப் போல வெளியே நிற்க வேண்டியவர். பதக்க மேடையில் அவருக்காக ஒலித்த நாட்டுப்பண்ணின் மெட்டு, பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டேதான். மெர்டேக்கா என்ற விடுதலை நாளுக்கு முன்பு என் அப்பா தோட்டப் பள்ளியில் நெஞ்சு நிமிர்த்தி நின்று பாடிய அதே மெட்டு. நின்று பாடியவர்கள் எல்லாரையும் அந்த மெட்டு தன்னவர் என்று ஏற்றுக்கொள்ளவில்லை.

இனி ஊழுக்கு வருகிறேன். திருக்குறளில் ஊழ் என்ற அதிகாரம் 38ஆவது. அறத்துப்பாலின் கடைசி அதிகாரம். ஊழை விலக்க வேறொரு வழி தேடினாலும் அது நமக்கு முன்னே வந்து நிற்கும் என்கிறார் வள்ளுவர். 62ஆவது அதிகாரம் ஆள்வினையுடைமை. அங்கே, சோராமல் உழைப்பவர்கள் ஊழையும் பின்வாங்க வைப்பார்கள் என்கிறார். இவை இரண்டும் முரண்படுகின்றன என்று பட்டிமன்றம் வைத்தே நாம் பழகிவிட்டோம். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் இவற்றை எங்கே வைத்தார் என்பது. ஊழை அறம் பேசி முடிக்கும் இடத்தில் வைக்கிறார். ஆள்வினையைப் பொருட்பாலில், அதுவும் அரசியல் என்ற பகுதியில் வைக்கிறார். 39ஆவது அதிகாரமான இறைமாட்சியில் தொடங்கும் அந்தப் பகுதி முதலில் நாடாள்பவரைப் பார்த்துப் பேசுவது. முயற்சியால் விதியை மாற்று என்ற கட்டளை அதிகாரத்தில் இருப்பவருக்கு முதலில் போகிறது. நாமோ அதைத் தலைகீழாக்கிவிட்டோம். ஒன்றுமில்லாதவனிடம் போய் முயற்சி செய் என்கிறோம். செய்ய வல்லவரிடம், எல்லாம் அவனவன் விதி என்று சொல்லி ஆறுதல் கொடுக்கிறோம்.

சைவ சித்தாந்தம் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறது. வினைப்பயன் நம்மிடம் மூன்று வழிகளில் வந்து சேர்கிறது என்பார்கள். தெய்வ நியதியால் வருவது, பிறப்பு, மூப்பு போல: ஆதிதைவிகம். இயற்கையால் வருவது, மழை, குளிர், வெயில் போல: ஆதிபௌதிகம். மற்ற உயிர்களின் வழியாக வருவது: ஆதியான்மிகம். வென்சல் வீட்டுக் கதையில் மூன்றும் இருக்கின்றன. ஸ்ட்ராவ்பிங்கில் பிறந்தது முதலாவது. ஆல்ப்ஸ் பனி இரண்டாவது. பயிற்சி கொடுத்தவர்கள், குடியுரிமைத் தாளில் கையெழுத்துப் போட்டவர், பெண்களின் வாக்குரிமைக்கு 1984 வரை தடை சொன்ன ஆண்கள், இவர்கள் மூன்றாவது. 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் ஹன்னி ஆட முடியாமல் போனதும் இந்த மூன்றாவது வழியில்தான். விளம்பரப் பணத்தைச் சங்கத்தின் மூலம் வாங்காமல் நேரடியாகப் பெற்றார் என்று அவரையும் சுவீடனின் இங்மார் ஸ்டென்மார்க்கையும் விலக்கி வைத்தார்கள். இருவரும் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆளுக்கு இரண்டு தங்கம் வென்றவர்கள்.

இந்த மூன்றாவது வழியைப் பற்றி நாம் போதுமான அளவு யோசிப்பதில்லை என்பது என் எண்ணம். என் அப்பாவின் மனு திரும்பி வந்தது அவருடைய பிராரத்தம், அனுபவித்துத் தீர்க்க வந்த பழவினை என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மனுவைத் திருப்பி அனுப்பிய கை, ஒரு மனிதரின் கை. அவருக்கு அது ஆகாமியம். இனி அவர் கணக்கில் சேரும் வினை. ஒருவர் அனுபவிப்பது விதி என்பதால், அதைச் செய்தவர் செய்யவில்லை என்று ஆகிவிடாது. ஊழை நம்புகிறவர்களுக்குத்தான் இதில் பொறுப்பு கூடுகிறது: அடுத்தவருக்கு விதியாகப் போய்ச் சேரப்போவதை இன்றைக்கு நாம் நம் கையால் செய்துகொண்டிருக்கிறோம்.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டை நம் விழா மேடைகளில் முதலடியோடு நிறுத்திவிடுகிறார்கள். முழுதும் படித்தால் அது ஊழைப் பற்றிய பாட்டு. மலையில் மழை பொழிந்து, பாறைகளில் மோதி இரைந்து வரும் பேராற்றில் மிதவை போகிற போக்கில் உயிர் போகிறது என்கிறார். அதிலிருந்து, ஆகவே சும்மா இரு என்ற முடிவுக்கு அவர் வரவில்லை. ஆகவே பெரியவர்களைக் கண்டு வியக்க மாட்டோம், சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் கிடையாது என்ற முடிவுக்கு வருகிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தத் தர்க்கத்தை நான் மெத்தப் பெரிதாக நினைக்கிறேன். ஊழ் என்பது நம் சோம்பலுக்குச் சாக்கு அல்ல. இன்னொருவரை எடை போடும்போது நம் கையைப் பிடித்து நிறுத்தவேண்டிய அறிவு அது. என்னைப் பற்றி நினைக்கும்போது நான் முயற்சியை நினைக்க வேண்டும். அடுத்தவரைப் பற்றி நினைக்கும்போது அவர் ஏந்திவந்த ஊழை நினைக்க வேண்டும்.

பனிச்சறுக்குப் பந்தயத்தில் இது கண்கூடாகத் தெரிகிறது. டீனா வைராத்தர் 1989இல் லிக்டன்ஸ்டைனின் வாடூசில் பிறந்தவர். தாய் ஹன்னி, தந்தை ஹார்ட்டி வைராத்தர், 1982இல் ஆஸ்திரியாவுக்காக உலகப் பட்டம் வென்றவர். இதற்குமேல் ஒரு பிள்ளைக்கு எதைக் கொடுக்க முடியும்? ஆனாலும் 2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்குச் சற்று முன்பு முழங்கால் தசைநார் அறுந்தது. 2014 சோச்சியில் நாட்டின் கொடியை ஏந்தி நடந்தார். பயிற்சியில் விழுந்து காலில் அடிபட்டு ஒரு பந்தயத்திலும் இறங்க முடியவில்லை. 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் சூப்பர் ஜி பந்தயத்தில் வெண்கலம் வென்றார். நாட்டுக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பதக்கம் அது. நான்காவதாக வந்த சுவிட்சர்லாந்தின் லாரா குட்டுக்கும் டீனாவுக்கும் இடையே இருந்தது ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கு. கண் இமைப்பதற்கு அதைவிடப் பலமடங்கு நேரம் ஆகும். அந்த நூற்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, ஒருத்தி அதிகம் முயன்றாள், ஒருத்தி குறைவாக முயன்றாள் என்று எந்த நெஞ்சோடு சொல்வது?

அதே பியோங்சாங்கில்தான் மலேசியா முதன்முறையாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது. மலைச்சறுக்கில் ஜெஃப்ரி வெப், பனித்தள நடனத்தில் ஜூலியன் யீ. ஜூலியன் பயின்றது சிலாங்கூரில் ஒரு பேரங்காடிக்குள் இருக்கும் பனித்தளத்தில். முதல் சுற்றில் 24 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் 25ஆவதாக வந்தார். 2022இல் அருவின் சாலேஹுடின், குளிர்கால ஒலிம்பிக் கண்ட முதல் மலேசியப் பெண் ஆனார். இந்தியாவில் சிவா கேசவன் இருந்தார். கேரளத் தகப்பனுக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்து மணாலியில் வளர்ந்தவர். பனிக்குழாய்ப் பாதை இல்லாத நாட்டில், சறுக்குப் பலகைக்குச் சக்கரம் பூட்டி, லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே இமயமலைச் சாலையில் பயிற்சி செய்தார். 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக். பதக்கம் ஒன்றும் இல்லை. இவர்கள் செய்ததற்குப் பதக்கப் பட்டியலில் இடம் கிடையாது. வினைக்கணக்கில் உண்டு என்று நான் நம்புகிறேன்.

என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். 2025இல் ஜொகூரில் வார விடுமுறை மறுபடி சனி ஞாயிறாக மாறியதிலிருந்து, ஞாயிறு காலை வகுப்பு முடிந்ததும் அவளுடைய அப்பா அவளை ஜொகூர் பாருவுக்கு ஓட்டிக்கொண்டு போவார். அங்கே பாரடைம் மாலில் பனித்தளம் இருக்கிறது. தேவாரம் பாடிய வாயோடு, நெற்றியில் விபூதியோடு போய்ச் சறுக்குக் காலணி மாட்டிக்கொள்வாள். ஊழ் பாடம் நடந்த அன்று அவள் எழுந்து, "டீச்சர், நான் எவ்வளவு பழகினாலும் ஒலிம்பிக் போகப் போறதில்ல. அப்படின்னா இதெல்லாம் வீணா?" என்று கேட்டாள். மற்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அதே கேள்விதான் என்று முகத்தில் தெரிந்தது; ஒருவனுக்குக் கணக்கு, ஒருத்திக்கு வயலின்.

நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். "வீணில்லம்மா. உன் கால் தடுமாறி நேரானபோது நீ எதைக் கத்துக்கிட்டியோ அது உன்னுடையது. அதை யாரும் மதிப்பெண் போட்டுத் தர வேண்டியதில்ல. நீ ஜெயிச்சா நாங்க சந்தோஷப்படுவோம். ஜெயிக்கலன்னா உன்னைப் பத்தி நாங்க நினைக்கிறதுல ஒரு இம்மியும் குறையாது. சாமிக்கும் அப்படித்தான்." கடைசி வரியை நான் துணிந்து சொன்னேன். அடியார்க்கும் அடியேன் என்று பாடிய மரபில் வந்தவர்கள் நாம். நாயன்மார்கள் அறுபத்து மூவரில் அரசர் இருக்கிறார், வேடர் இருக்கிறார், சலவைத் தொழிலாளி இருக்கிறார், குயவர் இருக்கிறார். சேக்கிழார் அவர்களைத் தரவரிசையில் நிறுத்தவில்லை.

சின்ன நாடு வென்றது பற்றி மகிழ்வோம். மலைக்கும் உழைப்புக்கும் அதில் பங்கு உண்டு. வந்த குடும்பம் ஒன்றுக்குக் கதவைத் திறந்துவிட்ட ஊருக்கும் பங்கு உண்டு. ஆனால் கதவு பதக்கத்துக்கு முன்பே திறந்திருக்க வேண்டும். என் அப்பா எந்தப் பந்தயத்திலும் ஓடியவர் அல்ல. வாழ்நாளெல்லாம் விடியுமுன் எழுந்து மரம் சீவியவர். அதுவே போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

இந்நாட்டில் இன்றைக்கும் நம் மக்களிடையே அடையாள அட்டை இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோரின் திருமணம் பதிவாகாமல் போயிருக்கும். பிறப்பைப் பதியத் தவறியிருப்பார்கள். தாயின் தாள் தொலைந்திருக்கும். அப்படி ஒரு பிள்ளை உங்கள் தாமானிலோ, உங்கள் கோயிலுக்கு வரும் குடும்பத்திலோ இருந்தால், அது கெட்டிக்காரப் பிள்ளையா என்று விசாரிக்காதீர்கள். மனுவை நிரப்பிக் கொடுங்கள். மலாய் எழுதத் தெரிந்தவர்கள் கடிதம் எழுதிக் கொடுங்கள். அலுவலகத்துக்குக் கூடவே போங்கள், சாட்சி வேண்டுமென்றால் நில்லுங்கள். கோயில் நிர்வாகங்கள் திருவிழாச் செலவில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்கட்டும்.